ரத்தத்தை அளக்கக் கற்றுக்கொடுப்பது: ஸ்கில் லேபில் ஒரு பிபிஎச் பயிற்சி

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு, அதாவது பிபிஎச், எதனால் வருகிறது என்று எழுதச் சொன்னால் மகப்பேறு பாடம் படிக்கும் மாணவி டோன் (கருப்பை தளர்வது), டிராமா (காயம்), டிஷ்யூ (உள்ளே தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு), த்ராம்பின் (ரத்தம் உறையாமை) என்று வரிசை மாறாமல் எழுதிவிடுவாள். அதே மாணவியை நனைந்த விரிப்பு ஒன்றின் முன்னால் நிறுத்தி, எவ்வளவு ரத்தம் போயிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். "கொஞ்சம்தான் மேம், ஒரு இருநூறு இருக்கும்" என்பாள். விரிப்பில் நாம் ஊற்றி வைத்தது 700 மில்லியாக இருக்கும். அவளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை, அது கண்ணுக்கும் கைக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை. லேபர் வார்டில் தாயின் உயிரைக் காப்பாற்றுவது அந்தக் கண்ணும் கையும்தான்.

நர்சிங் கல்லூரிகளில் புதிய கற்பித்தல் முறை என்று பேச்செடுத்தால் பயிற்சிப் பொம்மையின் விலையில் போய் நிற்கிறது. லட்சக்கணக்கில் பணம் இருந்தால் சிமுலேஷன் (பொம்மையையோ நடிப்பையோ வைத்து நிஜம்போல் பழகுவது) நடத்தலாம், இல்லையென்றால் பவர்பாயின்ட்தான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பொம்மை புதிய விஷயமே அல்ல. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனையின் செவிலியர் பள்ளிக்கு 1911-லேயே மார்த்தா சேஸ் என்ற பொம்மைத் தயாரிப்பாளர் ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். 'மிஸஸ் சேஸ்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. சிபிஆர் பழகும் ரெசஸி ஆனி 1960-ல் வந்தது. நூறு வருடத்துக்கும் மேலாகப் பொம்மை இருக்கிறது. பிந்தைய காலத்தில் வந்து சேர்ந்தவை வேறு: பயிற்சிக்கு முன்னால் மாணவியைத் தயார்செய்யும் பத்து நிமிடம், பயிற்சி முடிந்ததும் அவளோடு உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம். அவை இல்லாத இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த பொம்மையும் அலமாரிக்குள்தான் போய்ச் சேரும்.

இந்தியன் நர்சிங் கவுன்சிலின் திருத்தப்பட்ட பிஎஸ்சி நர்சிங் பாடத்திட்டம் 2021-ல் அரசிதழில் வெளியானது. எட்டு செமஸ்டர், கிரெடிட் முறை, செய்முறைத் திறன்களைப் பழகும் அறையான ஸ்கில் லேபுக்குத் தனி நேரம் என்று அதில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு ஒரே ஒரு பயிற்சியை மட்டும் முழுமையாகச் சொல்கிறேன். சாமான்களில் பெரும்பாலானவை மளிகைக் கடையிலும் வார்டு ஸ்டோரிலும் கிடைப்பவை.

முதலில் ரத்தம்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோர். முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் ஊற்றிக் கிளறினால் கஞ்சி போல் லேசாகக் கண்ணாடித் தன்மை வரும். அடுப்பை அணைத்து அரை தேக்கரண்டி சிவப்பு ஃபுட் கலர் பவுடர், கால் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் காப்பித் தூள் சேர்க்க வேண்டும். காப்பித் தூள் இல்லாவிட்டால் ரோஸ்மில்க் நிறம்தான் வரும், மாணவிகள் சிரித்துவிடுவார்கள். பீட்ரூட் சாறு வேண்டாம். சூட்டில் நிறம் மங்கும், மறுநாள் நாறும்.

ரத்தக் கட்டிக்கு அகர் அகர். அதே சிவப்புத் தண்ணீர் 250 மில்லியில் 2 கிராம் போட்டுக் கொதிக்கவைத்துத் தட்டில் ஊற்றி ஆறவிட்டு, கையால் பிய்த்துப் போட்டால் போதும். கத்தியால் நறுக்கினால் அல்வாத் துண்டு போல் விளிம்பு நேராக நிற்கும்.

இப்போது ஆறு மேசைகளை ஏற்பாடு செய்யுங்கள். ஒன்றில் முழுக்க நனைந்த சானிட்டரி பேட். இரண்டில் கட்டிகளோடு கிட்னி டிரே. மூன்றில் பாதி நனைந்த கட்டில் விரிப்பு. நான்கில், தரையில் ஒரு தேக்கம். ஐந்தில் ஐந்தாறு காஸ் துணிகள், சில முழுக்க நனைந்தவை, சில பாதி. ஆறில் தண்ணீரும் ரத்தமும் கலந்த பக்கெட். பனிக்குட நீரும் சிறுநீரும் கலந்த நிலையை அது காட்டும். ஒவ்வொன்றிலும் ஊற்றிய அளவை ஊற்றும்போதே அளந்து, தாளில் குறித்து, கவரில் போட்டு ஒட்டிவிட வேண்டும். எந்த பேட் எவ்வளவு உறிஞ்சும் என்பது பிராண்டுக்கு பிராண்ட் மாறும், ஆகவே புத்தகத்தில் இருக்கும் எண்ணை நம்பாமல் நம் வார்டில் பயன்படும் பேடையே வாங்கி, நாமே ஊற்றிப் பார்த்துக்கொள்வது நல்லது.

மாணவி ஒவ்வொரு மேசையிலும் ஒரு நிமிடம் நிற்பாள். யாரிடமும் பேசாமல் மதிப்பீட்டை எழுதுவாள். பேச விட்டால் முதலில் வாய்திறந்தவளின் எண்ணையே எல்லோரும் எழுதுவார்கள். ஆறும் முடிந்ததும் கவரைப் பிரிக்க வேண்டும். அநேகமாக ஒரே மாதிரிதான் வரும்: சின்ன அளவுகளைக் கூட்டிச் சொல்லியிருப்பார்கள், பெரிய அளவுகளைப் பாதியாகக் குறைத்திருப்பார்கள். விரிப்பில்தான் தவறு மிக அதிகம். துணி உள்ளே குடித்த ரத்தம் மேலே தெரிவதில்லை, தாயின் முதுகுக்கடியில் போனதை யாரும் பார்ப்பதே இல்லை.

உடனே தராசைக் கொண்டுவாருங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். நனைந்த பேடின் எடையிலிருந்து உலர்ந்த பேடின் எடையைக் கழித்தால் வருவது கிராம், ஒரு கிராமை ஒரு மில்லி என்று எடுத்துக்கொள்ளலாம். ரத்தம் ஒரு மில்லி சுமார் 1.06 கிராம், வித்தியாசம் சிறியது. கண்ணால் 200 என்று எழுதியவள், தன் கையால் எடைபோட்டு 700 என்று காணும் அந்த நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

ஏன் இத்தனை முக்கியம்? கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் நடந்து 2023-ல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில், தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட டிரேப் (ரத்தம் சேரும் பிளாஸ்டிக் விரிப்பு) விரித்து ரத்தத்தை அளந்தார்கள். எல்லை தாண்டியதும் கருப்பை மசாஜ், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின், ரத்தக் கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட், ஐவி திரவம், காரணம் தேடும் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தொடங்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, அதனால் வரும் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது 60 சதவீதம் குறைந்திருந்தது. அதில் பயன்பட்ட மருந்துகள் முன்பிருந்தே கையில் இருந்தவை. நேரத்தோடு அளந்ததும், ஒன்றுக்கொன்று காத்திராமல் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ததும்தான் வித்தியாசம்.

தாய்

தாயாக நடிக்கும் ஆள் வயிற்றில் கட்டிக்கொள்ளும் மாமாநடாலி போன்ற கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் செய்துகொள்ளலாம். பழைய பிபி கஃப்பைச் சுருட்டித் துணிப்பைக்குள் வைத்து, மேலே பஞ்சு அடுக்கி, தொப்புளுக்குக் கீழே கட்டினால் அதுதான் கருப்பை. பல்ப் தாயின் கையில் ஒளிந்திருக்கும். காற்றை இறக்கினால் கருப்பை தளரும், அடித்தால் கெட்டிப்படும். கைக்குத் தெரியும் இந்த வித்தியாசத்தை எந்தப் படத்தாலும் காட்ட முடியாது.

ரத்தப்போக்குக்கு யூரோபேக், அதாவது வார்டில் சிறுநீர் சேகரிக்கும் பிளாஸ்டிக் பை. டிரிப் செட் வைத்துப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே தொல்லை: சேம்பரில் இருக்கும் ஃபில்டரில் கார்ன்ஃப்ளோர் அடைத்துக்கொள்ளும், அடைக்காவிட்டாலும் குழாய் மெல்லியது என்பதால் பிபிஎச் வேகத்துக்கு ஓடாது. யூரோபேக்கின் குழாய் அகலமானது. அதற்குள் கார்ன்ஃப்ளோர் சேர்க்காத வெறும் சிவப்புத் தண்ணீரை ஊற்றி, பையை வயிற்றோடு சேர்த்துக் கட்டி, குழாயைத் தொடையோரமாக டேப் போட்டு ஒட்டி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் பிடித்துவைக்கலாம். வேகம் போதாவிட்டால் தாய் முழங்கையால் பையை அழுத்துவார். ஒரு கிளவுஸில் 300 மில்லி தண்ணீர் நிரப்பி, கட்டி, கருப்பைக்குக் கீழே வைத்தால் நிறைந்த சிறுநீர்ப்பை. இந்தக் கிளவுஸ் பிறகு வேலைக்கு வரும்.

தாயாக ஓர் ஆசிரியரோ, சொல்லிப் பழக்கிய சீனியரோதான் இருக்க வேண்டும். ரத்தத்தை எப்போது திறப்பது, எப்போது நிறுத்துவது என்ற முடிவு அவர் கையில் இருக்கிறது. ஊசி எதுவும் அவர் உடம்பில் குத்தக் கூடாது. கையில் ஒட்டிய ஃபோம் பேடில்தான் 16 அல்லது 18 கேஜ் கேனுலா (ஐவி ஊசிக்குழாய்) போக வேண்டும். இரண்டு கைகளாலும் கருப்பையை உள்ளும் புறமும் அழுத்தும் பைமானுவல் கம்ப்ரெஷனைத் தனி மேசையில் பெல்விக் மாடலில் பழக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. காலாவதியான ஆம்ப்யூல் (கண்ணாடி மருந்துக் குப்பி), சாயத் தண்ணீர், பயிற்சிக்கான ஐவி பாட்டில் எல்லாவற்றிலும் 'பயிற்சிக்கு மட்டும்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, எண்ணி எடுத்து, எண்ணித் திரும்ப வைக்க வேண்டும். பயிற்சிக்கென்று செய்த, கிருமி நீக்காத சலைன் 2014-ல் அமெரிக்காவில் உண்மையான நோயாளிகளுக்கே ஏற்றப்பட்டுப் பலர் காய்ச்சலோடு படுத்தார்கள். கல்லூரியும் மருத்துவமனையும் ஒரே வளாகத்தில் இருக்கும் நம் ஊர்களில் இந்த ஆபத்து கூடுதல்.

பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம், அரை மணி

முதல் பத்து நிமிடம் முன்னுரை. எது நிஜம், எது பாவனை என்று சொல்லிவிட வேண்டும்: "கருப்பையைத் தொட்டுப் பார்க்கலாம். நாடி, பிபி நீங்க பார்த்தாத்தான் அட்டையில நம்பர் காட்டுவேன். மருந்தை நிஜமாவே ஆம்ப்யூல் உடைச்சு எடுக்கணும். இதுக்கு மார்க் கிடையாது. இங்க நடக்கிறது இந்த ரூமை விட்டு வெளிய போகாது." கடைசி இரண்டு வாக்கியங்களை நாம் காப்பாற்றவும் வேண்டும். ஒரு தடவை அவை பொய்த்துவிட்டால் அந்த பேட்ச் அதற்குப் பிறகு நம்மிடம் மனம்விட்டுப் பேசாது.

ஒரு குழுவுக்கு ஆறு பேர். தாயின் அருகில் ஒருத்தி, மருந்துக்கு ஒருத்தி, ஓடிப்போய் எடுத்துவர ஒருத்தி, நேரம் எழுத ஒருத்தி, செக்லிஸ்டோடு கவனிக்க இருவர். நேரம் எழுதுபவளை வேலையில்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. பிறகு பேசும்போது அவள் தாள்தான் சாட்சி.

பன்னிரண்டு நிமிடம் ஓடும் கதை இதுதான். தாய்க்கு 26 வயது, இரண்டாவது பிரசவம், 3.6 கிலோ குழந்தை பிறந்து 20 நிமிடம் ஆகிறது. ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் (ஐஎம்) போட்டாயிற்று, நஞ்சுக்கொடி முழுமையாக வந்துவிட்டது. தொடக்கத்தில் நாடி 88, பிபி 110/70, டிரேப்பில் 150 மில்லி. இரண்டாம் நிமிடம் கருப்பை தளர்கிறது, 300 மில்லி, நாடி 104, பிபி 106/68. நான்காம் நிமிடத்துக்குள் மசாஜும் உதவிக்கு அழைப்பும் தொடங்கவில்லையென்றால் 500 மில்லி, நாடி 118, பிபி 96/60, தாய் "தலை சுத்துதும்மா" என்பார். ஆறாம் நிமிடத்திலும் ஆக்ஸிடோசின் ஓடாவிட்டால் 800 மில்லி, நாடி 130, பிபி 84/50, தாகம், நடுக்கம். சரியாகச் செய்தால் ஏழாம் நிமிடம் கருப்பை கெட்டிப்படும். ஆனால் சிறுநீர்ப்பையைக் காலிசெய்யாத குழுவுக்கு அது மறுபடியும் தளரும். அந்தக் கிளவுஸ் வைத்தது இதற்காகத்தான்.

இரண்டாம் நிமிடத்து எண்களை நன்றாகப் பாருங்கள். பிபி 106 என்றதும் மாணவி நிம்மதி அடைகிறாள். நாடியை மேல் பிபியால் வகுத்தால் 0.98. பிரசவித்த தாய்க்கு 0.9-ஐத் தாண்டினாலே விழித்துக்கொள்ள வேண்டும். பிபி விழும்வரை காத்திருப்பவள் தாமதித்துவிட்டாள் என்பதை இந்த ஒரு வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுத்துவிடும்.

மருந்தின் அளவுகளுக்கு, உங்கள் பயிற்சி மருத்துவமனையின் லேபர் வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் நெறிமுறைத் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் அரசு லேபர் அறைகளில் பொதுவாகக் காணப்படுவது 500 மில்லி ஆர்எல் (ரிங்கர் லாக்டேட்) திரவத்தில் ஆக்ஸிடோசின் 20 யூனிட், நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு. டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், பத்து நிமிடத்தில் மெதுவாக நரம்பு வழியாக, பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள். லேபில் ஒரு அளவு, வார்டில் இன்னொரு அளவு என்று சொல்லிக்கொடுத்தால் மாணவிக்கு இரண்டிலும் நம்பிக்கை போய்விடும். இடையே ஒரு கேள்வி போடலாம்: 20 சொட்டு ஒரு மில்லி என்ற செட்டில் 60 சொட்டு ஓடினால் பாட்டில் எவ்வளவு நேரம் வரும்? நிமிடத்துக்கு 3 மில்லி, ஏறக்குறைய 167 நிமிடம். இழந்த ரத்தத்தை ஈடுகட்ட இந்த லைன் போதாது, இரண்டாவது லைன் வேண்டும் என்று கணக்கே சொல்லிவிடும். ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பதால் பயிற்சியிலும் அறைக்கு வெளியே ஐஸ் பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஓடிப்போய் எடுத்துவர எத்தனை விநாடி ஆகிறது என்பதும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

டாக்டரை அழைப்பதைத் தனியாகப் பழக்க வேண்டும். "சார், பேஷன்ட் ப்ளீடிங், சீக்கிரம் வாங்க" என்பது அழைப்பாகாது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என்ற வரிசையில் பேசும் எஸ்பார் முறையில் சொன்னால் இப்படி இருக்கும்: "டாக்டர், லேபர் வார்டு மூணாவது பெட். தொடர்ந்து ப்ளீடிங், டிரேப்ல 350 மில்லி இருக்கு. செகண்ட் டெலிவரி, 20 நிமிஷம் முன்னாடி நார்மல், நஞ்சு முழுசா வந்துருச்சு. யூட்ரஸ் தளர்வா இருக்கு, நாடி 104, பிபி 106/68. மசாஜ் பண்றோம், ஆக்ஸிடோசின் டிரிப் ஆரம்பிக்கிறோம். நீங்க இப்பவே வரணும்." முப்பது விநாடிதான். கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் நம் மாணவிகளுக்கு நா எழுவதில்லை. அறைக்குள்ளும் அப்படித்தான். "ஆக்ஸிடோசின் போடுங்க" என்று காற்றில் சொன்னால் யாரும் போடமாட்டார்கள், அல்லது இருவர் போடுவார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்டவள் திருப்பிச் சொல்ல வேண்டும், போட்டதும் "போட்டாச்சு, 10:42" என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

இனி அரை மணி நேரம். பயிற்சி ஓடிய நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது இதற்கு வேண்டும். நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவதும் இதுதான். வட்டமாக உட்காருங்கள், ஆசிரியரும் அதே நாற்காலியில். முதல் கேள்வி "எப்படி இருந்துச்சு?" மட்டும். கை நடுங்கியது, பயமாக இருந்தது என்று வெளியே வரட்டும். அது வெளியே வராமல் மண்டைக்குள் வேறெதுவும் நுழையாது. அடுத்து, என்ன நடந்தது என்று ஒருத்தி வரிசையாகச் சொல்வாள், நேரத்தாள் அதைத் திருத்தும். பிறகு அலசல்.

அலசலில் ஆசிரியர் கேட்கும் விதம்தான் எல்லாம். "ஏன் டாக்டரைக் கூப்பிடலை?" என்றால் மாணவி தலையைக் குனிந்துகொள்வாள், "சாரி மேம்" என்பதோடு முடிந்துவிடும். பார்த்ததைச் சொல்லி, நம் கவலையைச் சொல்லி, பிறகு கேட்க வேண்டும்: "300 தாண்டினதை நீ உரக்கச் சொன்னே, அது ரொம்ப நல்லது. அதுக்கப்புறம் டாக்டருக்குப் போன் போக மூணு நிமிஷம் ஆச்சு. அந்த மூணு நிமிஷத்துல ரத்தம் இன்னும் போகுமேன்னு எனக்குக் கவலையா இருந்துச்சு. அப்ப உன் மனசுல என்ன ஓடுச்சு?" இப்படிக் கேட்டால், "இன்னும் நிச்சயமா தெரியாம கூப்பிட்டா வார்டுல திட்டுவாங்கன்னு நினைச்சேன் மேம்" என்பதுபோன்ற பதில் வரும். இதை எந்தச் செக்லிஸ்டும் கண்டுபிடிக்காது. தெரியாமை ஒரு காரணம் என்றால் பாடம் நடத்தலாம். பயம் காரணம் என்றால், எந்த எண் வந்ததும் யாரையும் கேட்காமல் அழைக்கலாம் என்ற எல்லையை அவளுக்குக் கொடுக்க வேண்டும். லேபர் வார்டு சிஸ்டர்களையும் இந்தப் பேச்சில் உட்காரவைத்தால், "300 வந்தா என்னைக் கூப்பிடு, நான் திட்டமாட்டேன்" என்ற வாக்கு அவர்கள் வாயாலேயே கிடைக்கும்.

அலசல் முடிந்ததும் அதே குழு, அதே கதை, உடனே இன்னொரு முறை, ஆறு நிமிடத்தில். பல கல்லூரிகளில் இது நடப்பதே இல்லை. தவறைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போவதற்கும், சரியாகச் செய்துவிட்டு வீட்டுக்குப் போவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அடுத்த வாரம் கதையை மாற்றலாம்: தாய்க்கு பிபி 150/100 என்றால், கருப்பையைச் சுருக்கினாலும் பிபியை ஏற்றிவிடும் மெத்தர்ஜினை எடுத்த கை நிற்கிறதா? ஆஸ்துமா என்றால், மூச்சுக்குழாயையும் சுருக்கிவிடும் கார்போப்ராஸ்ட்?

எங்கே கெட்டுப்போகிறது

ஒரே கதையில் பத்து நோக்கங்களைத் திணிப்பது முதல் தவறு. பிபிஎச், குழந்தைக்கு மூச்சுத்திணறல், கோபமான மாமியார் எல்லாம் ஒரே பன்னிரண்டு நிமிடத்தில் வேண்டாம். இரண்டு நோக்கம் போதும். ஆசிரியர் நடுவில் புகுந்து கையைப் பிடித்துக் காட்டுவது இரண்டாவது. தாய் "தலை சுத்துது" என்பதுதான் குறிப்பு, அதற்கு மேல் நாம் வாய் திறக்கக் கூடாது. முதல் வகுப்பிலேயே தாய் இறந்துபோவதாகக் கதையை முடிப்பதும் கூடாது. மாணவி கற்பது ஒன்றுமில்லை, அழுதுகொண்டு போவாள்.

அறுபது பேரை ஒரே அறையில் நிறுத்தி ஆறு பேரைச் செய்யவைத்தால் ஐம்பத்துநாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். கணக்கு எளிது: அறுபது பேர் பத்துக் குழு, ஒரு குழுவுக்கு ஒரு மணி, ஆக பத்து மணி நேரம். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் ஆறாவது குழுவிலேயே ஆசிரியரின் குரல் போய்விடும். மகப்பேறு போஸ்டிங்கில் சுழற்சியாக வரும் குழுக்களுக்கு, வந்த முதல் வாரத்திலேயே வைத்துக்கொண்டால் தானாகப் பிரிந்துவிடும். கதை வெளியே கசியும் என்று கவலைப்பட வேண்டாம். கதை தெரிந்திருந்தும் கை தாமதிக்கும். அதுவே பேசவேண்டிய விஷயம்.

அடிப்படைத் திறன் இல்லாமல் கதைக்குள் அனுப்புவது இன்னொரு தவறு. கேனுலா போடத் தெரியாதவள் அங்கேயே சிக்கி நின்றுவிடுவாள். அதற்கு முந்தைய வாரம் பேட்டனின் நான்கு படி முறை உதவும்: ஆசிரியர் பேசாமல் ஒருமுறை செய்வார், விளக்கிக்கொண்டே ஒருமுறை செய்வார், மாணவி சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார், கடைசியில் மாணவி சொல்லிக்கொண்டே தானே செய்வாள். மூன்றாவது படியை நேரம் போகிறது என்று தாண்டிவிடுகிறோம். யாருக்குப் புரியவில்லை என்பது அங்கேதான் தெரியும். தியரியை வீடியோவாக முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, வாசலில் ஐந்து கேள்வி கேட்டு உள்ளே விடுவது நல்ல பழக்கம். வீடியோ ஏழெட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, ஹாஸ்டல் நெட் தாங்காது.

சிமுலேஷனை வைத்து வார்டு நேரத்தைக் குறைக்கலாமா என்ற கேள்வியும் வருகிறது. அமெரிக்காவில் 2014-ல் வெளியான என்சிஎஸ்பிஎன் (மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய கவுன்சில்) ஆய்வு, வார்டு நேரத்தில் பாதிவரை சிமுலேஷனாக மாற்றினாலும் மாணவர்களின் தேர்ச்சி குறையவில்லை என்று காட்டியது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், முறையான டீப்ரீஃபிங் (பயிற்சிக்குப் பிந்தைய அலசல்), போதுமான ஆட்கள் என்ற ஏற்பாட்டோடு நடந்த ஆய்வு அது. அந்த ஏற்பாடு இல்லாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வார்டு நேரத்தை வெட்டுவது மாணவிகளுக்குச் செய்யும் துரோகம். நம் லேபர் வார்டுகளில் ஒரு வாரத்தில் பார்க்கக் கிடைக்கும் பிரசவங்களை எந்த லேபும் தராது. வார்டில் பிபிஎச் வரும்போது மாணவியை ஓரமாக நிற்கச் சொல்லிவிடுவார்கள், அதில் தவறும் இல்லை. அந்த இடத்துக்கு மட்டும்தான் லேப்.

முடிந்ததும் விரிப்புகளைப் பச்சைத் தண்ணீரில் உடனே அலசிவிடுங்கள். ஃபுட் கலர் காய்ந்தால் போகாது. டிரேப்பைக் கழுவி நிழலில் உலர்த்தினால் பத்துப் பதினைந்து முறை வரும். நேரத்தாள்களை ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். 300 மில்லியிலிருந்து அழைப்புவரை எத்தனை நிமிடம், அழைப்பிலிருந்து ஆக்ஸிடோசின்வரை எத்தனை நிமிடம் என்ற இரண்டு எண்கள் ஒவ்வொரு குழுவுக்கும் அதில் இருந்தால், அடுத்த பேட்ச் வரும்போது எதை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையிருக்காது.